வல்லரசுகளின் போட்டியும் நமது கதியும்

(விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் நடைபெற்ற கூட்டங்களில் பேசியதன் சாரம்)



இன்று நான் பேச எடுத்துக்கொண்ட விஷயத்தைக் கேட்டதும், இது பெரிய தேசங்களின் சங்கதியாயிற்றே, இதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம் என்று உங்களில் சிலர் நினைக்கக்கூடும். நான் காலேஜில் படித்துப் பட்டம் வாங்கியவனல்ல. வாசகசாலையிலும் பழைய புஸ்தகக் கடையிலும் கிடைத்ததைப் படித்து, அதை என் அறிவுக்கு எட்டியவரை ஆராய்ந்து பார்த்தவன். ஆகவே நான் சொல்லுகிறேன் என்பதற்காக எதையும் நம்பிவிடாதீர்கள். வீட்டுக்குப் போய் யோசித்துப் பாருங்கள். சரியென்று பட்டால் எடுத்துக் கொள்ளுங்கள், இல்லையென்றால் தள்ளிவிடுங்கள்.

சில நாளைக்கு முன் ஒரு டீக்கடையில் உட்கார்ந்திருந்தேன். இரண்டு வாலிபர்கள் கைப்பேசியில் ஏதோ செய்தியைப் பார்த்துவிட்டு, "அமெரிக்காக்காரன் ஜெயிப்பானா, சீனாக்காரன் ஜெயிப்பானா?" என்று பந்தயம் கட்டிக் கொண்டிருந்தார்கள். பக்கத்திலிருந்த ஒரு பெரியவர், "எல்லாம் சனிப் பெயர்ச்சியின் கோளாறு, கிரகம் மாறினால் சண்டையும் அடங்கிவிடும்" என்றார். நான் அந்த வாலிபர்களைப் பார்த்து, "தம்பி, எவன் ஜெயிப்பான் என்பது இருக்கட்டும். செலவு யார் தலையில் விழும்?" என்று கேட்டேன். "எவனோ எவனையோ அடிச்சுக்கிறான், நமக்கென்ன அண்ணே?" என்றான் ஒருவன். அந்தப் பிள்ளைக்குச் சொல்லவேண்டிய பதிலைத்தான் இன்று உங்களிடம் சொல்ல வந்திருக்கிறேன்.

போட்டி ஏன் வருகிறது?

ஒரு ஊரில் ஏரி மதகு ஒரு பழைய மிராசுதாரர் கையில் இருக்கிறது. அவர் திறந்தால் தண்ணீர், மூடினால் இல்லை. அந்த ஊரில் ஒருவன் புதிதாகப் பணம் சேர்க்கிறான், நிலம் வாங்குகிறான், மில் வைக்கிறான். நாளாக ஆக, "எனக்கும் மதகில் பாத்தியதை வேண்டும்" என்கிறான். பழையவர், "நேற்று வந்தவன், நீ யார்?" என்கிறார். சண்டை வருகிறது. இதற்குச் சனியும் காரணமல்ல, ராகுவும் காரணமல்ல. மதகுதான் காரணம்.

உலகத்துக்கு மதகு கடல் வழி, சந்தை, பணம், யந்திரம் ஆகியவைகள். இவற்றை வைத்திருக்கிற பழைய வல்லரசுக்கும், புதிதாகத் தலையெடுக்கிற வல்லரசுக்கும் போட்டி வருவது இன்று நேற்று ஏற்பட்ட விஷயமல்ல. இதைத் தெரிந்துகொள்ள நீங்கள் வாஷிங்டனுக்கும் பீகிங்குக்கும் போக வேண்டியதில்லை. இப்படிப்பட்ட ஒரு போட்டி சுமார் நூறு வருஷ காலம் நாம் நிற்கிற இந்த மண்ணிலேயே நடந்திருக்கிறது.

நம் ஊரில் நடந்த போட்டி

1498 இல் போர்ச்சுகீசியர் கள்ளிக்கோட்டைக்கு வந்தனர். அவர்களைத் தள்ளிக்கொண்டு டச்சுக்காரர் வந்தனர். 1600 இல் இங்கிலீஷ்காரரும், 1602 இல் டச்சுக்காரரும், 1664 இல் பிரஞ்சுக்காரரும் கம்பெனி கட்டினார்கள். எல்லோருக்கும் வேண்டியிருந்தது நம் துணியும் அவுரிச் சாயமும்தான். 1674 இல் பிரஞ்சுக்காரர் புதுச்சேரியில் குடியேறினார்கள். 1690 இல் இங்கிலீஷ்காரர் கடலூருக்குப் பக்கத்திலுள்ள தேவனாம்பட்டினம் கோட்டையை, அப்போது செஞ்சியிலிருந்த மராட்டியரிடம் விலைக்கு வாங்கினார்கள்.

அந்தக் கிரயம் எப்படி நடந்தது தெரியுமா? கோட்டையிலிருந்து பீரங்கி சுட்டால் குண்டு எவ்வளவு தூரம் போய் விழுகிறதோ அவ்வளவு பூமியும் கம்பெனிக்குச் சொந்தம் என்று பேச்சு. சென்னையிலிருந்து நல்ல பீரங்கியாகப் பார்த்துக் கொண்டுவந்து சுட்டார்கள். குண்டு விழுந்த எல்லைக்குள் அகப்பட்ட கிராமங்களுக்குக் "குண்டு கிராமங்கள்" என்றே பெயர் வழங்கிவந்தது. அன்று காலையில் எழுந்து ஏர் பூட்டப்போன குடியானவன், மாலையில் தன் நிலம் சீமைக் கம்பெனிக்குப் போய்விட்டதென்று தெரிந்து கொண்டான். அவனை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

இது ஒன்றுதானா? 1693 இல் டச்சுக்காரர் புதுச்சேரியைப் பிடித்தார்கள். 1697 இல் அய்ரோப்பாவில் ரிஸ்விக் என்ற இடத்தில் செய்த உடன்படிக்கையின்படி அதைத் திருப்பிக் கொடுக்க ஒப்புக்கொண்டார்கள். 1746 இல் பிரஞ்சுக்காரர் சென்னையைப் பிடித்தார்கள். 1748 இல் சமாதானம் பேசியபோது, வட அமெரிக்காவில் லூயிஸ்பர்க் என்ற கோட்டையைப் பிரஞ்சுக்காரனுக்குக் கொடுத்துவிட்டு, அதற்கு ஈடாகச் சென்னையை இங்கிலீஷ்காரன் வாங்கிக் கொண்டான். சந்தையில் மாட்டுக்கு மாடு மாற்றுவதுபோல, எங்கேயோ பனி பெய்யும் தேசத்துக் கோட்டைக்கு நம் சென்னப்பட்டணம் மாற்றப்பட்டது.

நம் ராஜாக்கள் என்ன செய்தார்கள்?

வெளியிலிருந்து வந்தவனை மாத்திரம் குற்றம் சொல்லிப் பிரயோஜனமில்லை. அவனைக் கூப்பிட்டு நடுவீட்டில் உட்கார வைத்தவர்கள் நம்மை ஆண்டவர்கள்தான். ஆற்காட்டு நவாப் பட்டத்துக்குச் சந்தா சாகிபும் முகமது அலியும் போட்டியிட்டார்கள். ஒருவர் பிரஞ்சுக்காரன் துணையைத் தேடினார். மற்றவர் இங்கிலீஷ்காரன் துணையைத் தேடினார். இரண்டு வெள்ளைக்காரருக்கும் வேண்டியது இதுதானே? தங்கள் சண்டைக்கு நம் பெயரும், நம் ஆளும், நம் பூமியும் கிடைத்தன. உதவிக்குக் கூலியாகச் சந்தா சாகிப் 1749 இல் வில்லியனூர், பாகூர் பக்கத்துக் கிராமங்களைப் பிரஞ்சுக்காரருக்குக் கொடுத்தார். முகமது அலி 1763 இல் செங்கற்பட்டுச் சீமையை இங்கிலீஷ் கம்பெனிக்கு ஜாகீராகக் கொடுத்தார்.

செஞ்சிக் கோட்டையை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். மொகலாயப் பட்டாளம் 1690 முதல் 1698 வரை அந்த மலையைச் சுற்றிக் கிடந்த பிறகுதான் அதைப் பிடிக்க முடிந்தது. 1714 இல் தேசிங்கு ராஜன் குதிரையேறிப் போய் மாண்ட கதையை நாம் இன்னும் பாடிக்கொண்டிருக்கிறோம். ஆனால் 1750 செப்டம்பரில் பிரஞ்சுத் தளபதி புஸ்ஸி அதே கோட்டையை ஒரே இரவில் பிடித்தான். மந்திரமா, மாயமா? ஒன்றுமில்லை. பழகிய சிப்பாய், நல்ல பீரங்கி, ஒரே உத்தரவுக்குக் கட்டுப்படும் ஒழுங்கு. நாம் வீரத்தைப் பாட்டாகப் பாடினோம். அவன் வெடிமருந்தை நிறுத்துக் கட்டினான். வித்தியாசம் அவ்வளவுதான்.

1752 இல் செஞ்சியைப் பிடிக்க வந்த கின்னீர் என்ற இங்கிலீஷ் தளபதியை நம் விக்கிரவாண்டியில் பிரஞ்சுக்காரர் தோற்கடித்தார்கள். அதே வருஷத்தில் பாகூரில் பிரஞ்சுக்காரர் தோற்றார்கள். திண்டிவனத்துக்குப் பக்கத்திலுள்ள பெருமுக்கல் கோட்டையும் இப்படித்தான் கை மாறியது. இந்த ஊர்களின் பெயரெல்லாம் சீமைச் சரித்திரத்தில் அச்சாகியிருக்கிறது. ஆனால் மிதிபட்ட வயல் யாருடையது என்று எந்தச் சரித்திரக்காரனும் எழுதவில்லை.

வந்தவாசியில் ஜெயித்தது எது?

1758 இல் லாலி என்பவன் பிரஞ்சுத் தளபதியாக வந்தான். வண்டி மாடு போதவில்லை என்று புதுச்சேரிப் பக்கத்து ஜனங்களைச் சாதி பாராமல் பிடித்துப் பாரம் சுமக்கவும் வண்டி இழுக்கவும் வைத்தான். ஒன்றாக உட்கார்ந்து தண்ணீர் குடிக்க மாட்டோம் என்றிருந்தவர்களை அந்நியன் ஒரே நுகத்தடியில் பூட்டினான். சண்டைக்காரனுக்கு நம் சாதி தெரிவதில்லை. நம் முதுகுதான் தெரிகிறது.

1760 ஜனவரி 22 ஆம் தேதி வந்தவாசியில் லாலியும் இங்கிலீஷ் தளபதி அயர் கூட்டும் மோதினார்கள். திண்டிவனத்திலிருந்து வடக்கே சிறிது நேரப் பஸ் பிரயாணம். போனால் கோட்டை மதிலின் மிச்சத்தைப் பார்க்கலாம். இரண்டு பக்கத்துச் சேனையையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் வெள்ளைக்காரரைவிட இந்நாட்டு ஆட்களே அதிகம். பிரஞ்சுக்காரர் தோற்றார்கள். 1761 ஜனவரியில் புதுச்சேரி விழுந்தது. ஊர் இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. அதே வருஷம் செஞ்சியும் போயிற்று.

ஏன் தோற்றார்கள்? லாலி கோழையல்ல. அவன் சிப்பாய்களுக்குப் பல மாதச் சம்பளம் பாக்கி. அதற்கு முந்திய வருஷம் அவர்கள் கலகமே செய்தார்கள். அவனுடைய கப்பல் படை அவனை விட்டுவிட்டு மொரீஷியஸ் தீவுக்குப் போய்விட்டது. இங்கிலீஷ்காரனுக்கோ 1757 இல் பிளாசிச் சண்டைக்குப் பிறகு வங்காளத்துப் பணம் கைக்கு வந்துவிட்டது. கடலும் அவன் கையில் இருந்தது. ஆகவே வந்தவாசியில் ஜெயித்தது பொக்கிஷமும் கப்பலுமே தவிர வேறல்ல. தோற்றவனுடைய கதி என்ன? பிரஞ்சு ஆதிக்கத்தை வளர்த்த டூப்ளே 1763 இல் வறுமையில் செத்தான். லாலியை 1766 இல் அவன் தேசத்தாரே பாரிஸில் சிரச்சேதம் செய்தார்கள். வல்லரசு தன் ஆளையே இப்படி நடத்துமானால், அதை நம்பிப் போகிற அடுத்தவனை எப்படி நடத்தும்?

கடன் யார் கட்டியது?

ஜெயித்த கட்சியைச் சேர்ந்த நவாப் முகமது அலி சுகமாக இருந்தாரா? பட்டம் அவருக்கு, கடன் அவர் பேரில், வசூல் நம் தலையில். யுத்தச் செலவுக்காகக் கம்பெனிக்குக் கடன். கம்பெனி உத்தியோகஸ்தர்களிடம் தனித்தனியாகக் கடன். அந்தக் கடனுக்குச் சீமைகளின் வரும்படியை ஈடு எழுதிக் கொடுத்தார். கதிர் முற்றுவதற்கு முன்பே அது கடன்காரன் கணக்கில் ஏறிவிட்டது. 1801 இல் கம்பெனி, "நீ பட்டத்தை வைத்துக்கொள், நாட்டை நாங்கள் பார்த்துக் கொள்கிறோம்" என்று எல்லாவற்றையும் எடுத்துக் கொண்டது. தென்னாற்காடு அப்படித்தான் இங்கிலீஷ் ஜில்லாவாயிற்று. தோற்ற கட்சிக்காரர் சந்தா சாகிபின் தலை 1752 லேயே போயிற்று. ஜெயித்த கட்சிக்காரரின் வம்சத்துக்கு நாடு போயிற்று. இதுதான் இரண்டு வல்லரசுகளில் ஒன்றைக் கட்டிக்கொண்டு அழுததன் பலன்.

இன்னொரு கொடுமையையும் கேளுங்கள். 1783 ஜனவரியில் அய்ரோப்பாவில் இங்கிலீஷ்காரனும் பிரஞ்சுக்காரனும் சமாதானக் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள். அந்தச் செய்தி கப்பலேறி இங்கு வந்து சேர்வதற்குள், ஜூன் மாதத்தில் கடலூரில் தரையிலும் கடலிலும் பெரிய சண்டை நடந்து முடிந்துவிட்டது. முடிந்துபோன சண்டைக்காக ஆட்கள் செத்தார்கள்!

அந்தப் போட்டியின் தழும்பு இன்றும் இருக்கிறது. புதுச்சேரிப் பக்கம் பஸ்ஸில் போகிறவர்களுக்குத் தெரியும்: ஒரு கிராமம் தமிழ்நாடு, அடுத்தது புதுவை, அதற்கடுத்தது மறுபடியும் தமிழ்நாடு. இந்த ஒட்டுத்துணி எல்லையை நம் வசதிக்காக யாரும் போடவில்லை. வெள்ளைக்காரர் அய்ரோப்பாவில் உட்கார்ந்து பிடித்ததும் திருப்பியதுமாகச் செய்த பங்கீடு அது. 1954 நவம்பர் 1 ஆம் தேதி பிரஞ்சு ஆட்சி கைமாறியது. 1962 இல் சட்டப்படியும் முடிந்தது. எல்லை மாத்திரம் போகவில்லை.

அவுரியும் எம்டனும்

நிற்க, பிரஞ்சுக்காரனை அடக்கி உலகத்து மதகைக் கைப்பற்றிய இங்கிலீஷ்காரன் பிறகு பழைய மிராசுதாரன் ஆனான். புதிதாக ஜெர்மனி தலையெடுத்தது. 1913 இல் ஜெர்மனி பிரிட்டனைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் உருக்குச் செய்தது. இதுவும் நம் வயலுக்கு வந்தது. எப்படி? இந்த ஜில்லாவில் அவுரி பயிரிட்டு, தொட்டியில் ஊறவைத்து, மிதித்துக் கலக்கி, நீலம் எடுத்து விற்றுக் கொண்டிருந்தார்கள். 1897 இல் ஒரு ஜெர்மன் கம்பெனி ரசாயன சாலையில் நீலம் செய்து விற்க ஆரம்பித்தது. நம் குடியானவன் ஒரு குற்றமும் செய்யவில்லை, மழையும் பொய்க்கவில்லை, ஆனால் அவன் தொட்டி காய்ந்தது. 1914 இல் யுத்தம் வந்து ஜெர்மன் சாயம் நின்றதும் அவுரிக்குக் கொஞ்ச காலம் மறுபடி விலை வந்தது. யுத்தம் முடிந்ததும் போயிற்று. அதே 1914 இல் புதுச்சேரி வழியாகப் பிரான்சிலுள்ள மார்சேல்சுக்குப் போய்க் கொண்டிருந்த நம் மல்லாட்டை, கப்பல் இல்லாமல் தேங்கி விலை விழுந்தது. ஒரே யுத்தத்தில் ஒரு பயிர் பிழைத்தது, ஒரு பயிர் செத்தது. இரண்டையும் தீர்மானித்தவன் இங்கே இல்லை.

1914 செப்டம்பர் 22 ஆம் தேதி இரவு எம்டன் என்ற ஜெர்மன் கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்த் தொட்டிகளைச் சுட்டுக் கொளுத்தியது. நாம் என்ன செய்தோம்? "அவன் சரியான எம்டன்" என்று ஒரு வார்த்தையைக் கற்றுக் கொண்டோம். அந்த யுத்தத்துக்கு இந்தியாவிலிருந்து சுமார் 13 லட்சம் ஆட்கள் போனார்கள். 70 ஆயிரத்துக்கு மேல் திரும்பவில்லை. நமக்குக் கிடைத்தது ஒரு வார்த்தை.

இதெல்லாம் விதி, ஒருவன் எழுந்தால் மற்றவனோடு சண்டை வந்தே தீரும் என்று சில படித்தவர்களும் எழுதுகிறார்கள். அதுவும் சனிப் பெயர்ச்சி மாதிரிதான். அமெரிக்கா பிரிட்டனைத் தொழிலிலும் பணத்திலும் கப்பலிலும் தாண்டிப் போயிற்றே, 1815 க்குப் பிறகு அவர்களுக்குள் யுத்தம் வந்ததா? வரவில்லை. ஏன்? யுத்தம் நஷ்டம் என்று இருவரும் கணக்குப் பார்த்தார்கள். ஆகவே சண்டை மனிதன் செய்கிற காரியம். மனிதன் நிறுத்தக் கூடிய காரியம்.

இன்றைய போட்டி

இப்போது அமெரிக்கா பழைய மிராசுதாரன். சீனா புதுப் பணக்காரன். 2001 இல் உலக வர்த்தக அமைப்பில் சேர்ந்த சீனா, 2010 இல் ஜப்பானைத் தாண்டி இரண்டாவது பெரிய பொருளாதாரமாயிற்று. உலகத்தில் கட்டப்படும் வியாபாரக் கப்பல்களில் பாதிக்கு மேல் சீனாவில் கட்டப்படுகின்றன. போர்க்கப்பல் எண்ணிக்கையில் சீனா அமெரிக்காவை மிஞ்சிவிட்டது. பெரிய விமானந்தாங்கிக் கப்பல்களிலோ அமெரிக்காவே மேல். 2018 முதல் ஒருவர் சரக்குக்கு ஒருவர் வரி போட்டார்கள். 2022 இல் உயர்ந்த ரகச் சில்லுகளைச் சீனாவுக்கு விற்கக்கூடாதென்று அமெரிக்கா தடுத்தது. 2025 இல் மோட்டார்க் காந்தங்களுக்கு வேண்டிய அருமண் பொருள்களைச் சீனா கட்டுப்படுத்தியது. நம் நாட்டு வண்டிக் கம்பெனிகள் காந்தத்துக்குத் தவித்தன.

பக்கத்து இலங்கையைப் பாருங்கள். அம்பாந்தோட்டையில் கடன் வாங்கித் துறைமுகம் கட்டினார்கள். 2010 இல் திறந்தார்கள். 2017 இல் சீனக் கம்பெனிக்கு 99 வருஷக் குத்தகைக்கு விட்டார்கள். 2022 இல் வெளிக் கடனைக் கட்ட முடியாமல் அந்த நாடு கை விரித்தது. கடன் கொடுத்தவர் சீனர் மாத்திரமல்ல. மேல்நாட்டுப் பத்திரக்காரரும் ஏராளம். இவர் கெட்டவர், அவர் நல்லவர் என்பதல்ல விஷயம். வரவு செலவு பாராமல் கை நீட்டியவனுக்கு ஆற்காட்டு நவாபின் கதி என்பதுதான் விஷயம்.

இனி, நம் வீட்டு வாசலுக்கே வருகிறேன். வந்தவாசியிலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் விடியற்காலையில் கம்பெனி பஸ்ஸேறி, செய்யாறு சிப்காட்டிலுள்ள தைவான் முதலாளிகளின் ஷூ தொழிற்சாலைக்கு நம் பெண்கள் போகிறார்களே, அந்த ஷூ யார் காலுக்கு? பெரும்பாலும் மேல்நாட்டார் காலுக்கு. சீனாவில் கூலி ஏறியதாலும், சீனாவை மாத்திரம் நம்பியிருப்பது ஆபத்து என்று மேல்நாட்டு வியாபாரிகள் நினைத்ததாலும் இப்படிப்பட்ட வேலைகள் பல தேசங்களுக்கும் இடம் பெயர்கின்றன. வரட்டும், நல்லதுதான். வயலில் கூலி கேட்டு நின்ற பெண் மாதச் சம்பளம் வாங்குவதை நான் குறை சொல்லமாட்டேன். அவள் கையில் காசு இருந்தால்தான் அவளுக்கு வீட்டில் மதிப்பு. ஆனால் 2025 ஆகஸ்டில் இந்தியச் சரக்குகளுக்கு அமெரிக்கா 50 சதவீதம் வரை வரி போட்டபோது, திருப்பூர் பனியன் கம்பெனிகளில் ஆர்டர் நின்றதையும் பார்த்தோம். வரி ஏறும், இறங்கும். அது வேறு சங்கதி. போட்டியால் வருகிற வேலை போட்டியாலேயே போகவும் கூடும் என்பதை மறக்கக்கூடாது. அவுரித் தொட்டி கற்றுக் கொடுத்த பாடம் அதுதானே?

நாம் செய்ய வேண்டியது

ஆகவே தோழர்களே! எவன் ஜெயிப்பான் என்று பந்தயம் கட்டுவது சந்தா சாகிபும் முகமது அலியும் செய்த வேலை. நாம் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஒரு வல்லரசோடு ஒப்பந்தம் செய்தால், அதன் கணக்கு நமக்குத் தெரிகிற பாஷையில் நமக்குக் காட்டப்படுகிறதா? எத்தனை வருஷத்துக்கு எவ்வளவு பூமி? குண்டு எங்கே விழும்? வருகிற தொழிற்சாலை நமக்குக் கூலியை மாத்திரம் கொடுக்கிறதா, தொழிலையும் கற்றுக் கொடுக்கிறதா? அந்தக் கம்பெனி நாளை பெட்டியைக் கட்டினால், ஷூ தைத்த அந்தப் பெண்ணுக்கு வேறொரு தொழில் செய்யப் படிப்பும் கைப்பழக்கமும் இருக்குமா? இந்தக் கேள்விகளை ஓட்டுக் கேட்க வருகிறவர்களிடமும் கேளுங்கள். கிராம சபையிலும் கேளுங்கள்.

இரண்டு பேரிடமும் வியாபாரம் செய்யலாம். ஒருவனிடமும் நுகத்தடிக்குக் கழுத்தை நீட்டவேண்டியதில்லை. அதற்கு வேண்டியது பிள்ளைகளுக்கு விஞ்ஞானப் படிப்பு, சொந்தத் தொழில், கடனுக்கு அஞ்சும் சர்க்கார், ஒருவரோடொருவர் சமமாக உட்காரும் ஜனங்கள். 1760 இல் நம்மிடம் இல்லாதிருந்தவை இவைதான். அன்று நம் ஜனங்களைக் கேட்பாரில்லை. இன்று நமக்குக் கையில் ஓட்டு இருக்கிறது, படிக்கப் பள்ளிக்கூடம் இருக்கிறது. இருந்தும் கேட்காமலிருந்தால் குற்றம் வெள்ளைக்காரனுடையதுமல்ல, சீனாக்காரனுடையதுமல்ல, சனியனுடையதுமல்ல, நம்முடையது.

டீக்கடையில் அந்தத் தம்பி கேட்ட "நமக்கென்ன?" என்ற கேள்விக்கு எனக்குத் தெரிந்த பதில் இதுதான்.